பாத் நகரில் எங்கே தங்குவது: படிகளை எண்ணிவிட்டுப் பணம் கட்டுங்கள்

இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய அன்றே அம்மா கேட்டது ஒன்றுதான். "பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருகிற ஊர் ஒன்று இருக்கிறதாமே, அங்கே ஒருமுறை காலை நனைத்துவிட்டு வந்துவிட வேண்டும்." அம்மாவுக்கு 68 வயது. வலது முழங்கால் தேய்ந்துபோனது. சமதரையில் மெதுவாக ஒரு மைல்கூட நடந்துவிடுவார். படி என்றால் ஒவ்வொன்றுக்கும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். இது தெரிந்திருந்தும் பாத் நகரில் அவருக்காக நான் எடுத்த முதல் அறை கூரைக்குக் கீழே, மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அறையைப் படம் பார்த்து எடுத்தேன். தேன் நிறக் கல் சுவர், உயரமான ஜன்னல், தூரத்தில் பச்சை மலை. "நகர மையத்திலிருந்து பத்து நிமிட நடை" என்று போட்டிருந்தது. பொய் இல்லை. மையத்தை நோக்கி இறங்கும்போது பத்து நிமிடம்தான். திரும்பி ஏறும்போது எனக்கே இருபது நிமிடம் ஆனது. லான்ஸ்டவுன் மேட்டுத் தெருக்கள் அப்படிப்பட்டவை. செல்பேசி வரைபடம் தூரத்தைக் காட்டும், மேட்டைக் காட்டாது.

மேட்டையாவது டாக்சியில் கடந்துவிடலாம். வீட்டுக்குள் இருக்கும் படிகளை என்ன செய்வது? மொத்தம் 58 படிகள். லிஃப்ட் கிடையாது. இந்த ஊரின் பழைய விடுதிகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் குடும்பங்கள் வாழக் கட்டிய வீடுகள். முதல் மாடிவரை அகலமான, தாழ்வான படிகள் இருக்கும். விருந்தினர் நடமாடும் பகுதி அது. அதற்கு மேலே பிள்ளைகளும் வேலையாட்களும் இருந்தார்கள். அங்கே படிகள் குறுகிச் செங்குத்தாகிவிடும். சட்டப் பாதுகாப்பு பெற்ற கட்டடங்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சுவரை இடித்து லிஃப்ட் வைக்க எளிதில் அனுமதி கிடைக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை; அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பார்ப்பதற்கு இந்த ஊரே மிஞ்சியிருக்காது. ஆனால் அறையை விற்பவர்கள் படி எண்ணிக்கையைச் சொல்லியிருக்க வேண்டும். கீழே ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டேன். எல்லாம் நிரம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் அம்மா இறங்கவில்லை. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா கண்ணு. நான் ஜன்னல் வழியாகவே ஊரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ரோமானியர் கட்டிய பெரிய குளத்தின் ஓரத்தில், பச்சைத் தண்ணீரிலிருந்து ஆவி எழுவதை நான் தனியாக நின்று பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று கேட்டவர் மேலே கூரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வசந்தத்தில் அம்மா மறுபடி வருவதற்கு முன்னால், ஒரு நாள் நான் மட்டும் லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ரயில் ஏறினேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை. தெருத் தெருவாக நடந்து, கதவைத் தட்டி, "வாசலில் எத்தனை படி, அறைக்கு எத்தனை படி, குளியலறையில் பிடிமானம் உண்டா?" என்று மட்டும் கேட்டேன். சலித்துக்கொண்டவர்கள் ஓரிருவர்தான். பெரும்பாலானவர்கள் உள்ளே கூப்பிட்டே காட்டினார்கள்.

ஊரின் அமைப்பு ஒரு கிண்ணம் மாதிரி. அடிப்பகுதியில் ஏவன் ஆற்றின் வளைவு. அதை ஒட்டி ரயில் நிலையம், தேவாலயம், ரோமானியக் குளியல் மண்டபங்கள். வடக்கே லான்ஸ்டவுன் மேடு, தெற்கே பீச்சன் கிளிஃப், கிழக்கே பாத்விக் குன்று. அழகான காட்சி கிடைக்கும் அறை என்றால் அது மேட்டில்தான் இருக்கும். ராயல் கிரெசன்ட் பிறை வடிவில் முப்பது வீடுகள் கொண்டது. 1767-இல் தொடங்கி 1770-களின் நடுவில் முடித்தார்கள். அதன் மத்தியில் ஓர் ஆடம்பர ஹோட்டலும் இருக்கிறது. என் கைக்கு எட்டாத விலை. ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தப் பிறையை நின்று பார்ப்பதற்குக் கீழே தங்கியிருந்தாலும் போகலாம், ஒரு டாக்சி போதும்.

தெற்கே வெல்ஸ் ரோடு, பேர் ஃபிளாட் பக்கம் விலை கொஞ்சம் குறைவு, வீடுகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து ஏற்றம் தொடங்கிவிடுகிறது. பாத்விக் குன்றின்மேல் பல்கலைக்கழகம் இருப்பதால் பஸ் அடிக்கடி வருகிறது. இளைஞர்களுக்கு அது சரிவரும். தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் சமதரைதான். ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் மதுக்கடைகளிலிருந்து வெளிவருகிறவர்களின் சத்தம் நள்ளிரவைத் தாண்டியும் ஓயாது. பழைய கட்டட விதிகளால் பல ஜன்னல்களில் இன்னும் ஒற்றைக் கண்ணாடிதான். தெருவில் பேசுவது தலைமாட்டில் பேசுவதுபோல் கேட்கும்.

நான் தேடியது ஆற்றுக்கு அக்கரையில் கிடைத்தது. பல்டெனி பாலத்தைத் தாண்டினால் லாரா பிளேஸ், அங்கிருந்து நேர்கோடாக ஓடும் கிரேட் பல்டெனி தெரு. அகலம் நூறு அடி, நீளம் ஆயிரம் அடிக்கும் மேல். கோடியில் ஹோல்பர்ன் அருங்காட்சியகம், அதன் பின்னால் சிட்னி தோட்டம். ஜேன் ஆஸ்டின் குடும்பம் 1801-இல் வாடகைக்கு எடுத்த வீடும் அந்தத் தோட்டத்தின் எதிரே இருக்கிறது. அந்த நாவலாசிரியருக்காக வருகிறவர்களுக்கு அது ஒரு கூடுதல் காரணம். எனக்கு முக்கியம் வேறு: இந்த இடம் முழுவதும் ஒரு காலத்தில் ஆற்றங்கரைப் புல்வெளியாக இருந்தது. தாழ்ந்த நிலத்தில் வளைவு அறைகள் கட்டி, அவற்றின் மேல் தெருவை உயர்த்தி அமைத்தார்கள். அதனால் பாலத்திலிருந்து தோட்டம்வரை கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

அந்த வளைவு அறைகள் காரணமாக ஒரு சிக்கலும் உண்டு. "தோட்ட மட்ட அறை" என்று விளம்பரத்தில் பார்த்தால் மயங்க வேண்டாம். வீட்டின் பின்புறம் அது தோட்டத்துக்கு நேராகத் திறக்கும், உண்மைதான். ஆனால் தெருவிலிருந்து அங்கே போகக் கல்படிகளில் இறங்க வேண்டும். பெரும்பாலும் வெளியில், மழையில் வழுக்குகிற படிகள். மேலே ஏற முடியாதவருக்குக் கீழே இறங்குவதும் அதே வேதனைதான், அம்மாவுக்கு இறங்குவதுதான் இன்னும் மோசம். அப்படி இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன்.

கடைசியில் கிடைத்தது ஹென்ரியட்டா பூங்காவுக்கு அருகில் ஒரு சிறிய விருந்தினர் இல்லம். வாசலில் இரண்டு படி, பிறகு அறைவரை சமதரை. ஞாயிறு இரவும் திங்கள் இரவும் எடுத்தோம். இரவுக்கு 118 பவுண்டு, காலை உணவோடு. அதே அறைக்குச் சனிக்கிழமை 190 கேட்டார்கள், அதுவும் இரண்டு இரவு கட்டாயம். வார இறுதியில் பல இடங்களில் இந்தக் கட்டாயம் உண்டு. கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கத்தில் விலை இன்னும் ஏறும். தேதியை மாற்ற முடிந்தவர்கள் ஞாயிறு மாலை வந்து சேருங்கள்.

அறை பெரியது, கூரை உயரம். கட்டில் தாழ்வாக இருந்தது. சொன்ன உடனே இன்னொரு மெத்தை போட்டு உயர்த்திக் கொடுத்தார்கள். குளிக்கும் இடத்தில் தொட்டி இல்லாமல் தரையோடு இருந்த ஷவர்தான் எனக்குப் பெரிய நிம்மதி. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு எவ்வளவு கடினம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் இறைச்சி இல்லாமல் தக்காளி, காளான், அவரை, ரொட்டி என்று தனித்தட்டில் வந்தது. வீட்டுக்காரப் பெண்மணி அம்மாவின் நாற்காலியைச் சூடேற்றிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். இரண்டு நாளும் மறக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாடியில் இருந்தவர்களின் காலடி ஓசை பழைய மரத்தளத்தின் வழியே அப்படியே இறங்கியது. ஜன்னலோரம் குளிர்காற்று கசிந்தது. விடியற்காலை நான்கரைக்குக் கடற்புறாக்கள் கத்தத் தொடங்கின. கடல் இங்கிருந்து தூரம், ஆனாலும் வசந்தத்திலும் கோடையிலும் இந்த ஊர்க் கூரைகளில் அவை கூடு கட்டுகின்றன. லேசாகத் தூங்குகிறவர்கள் காதடைப்பான் கொண்டு வாருங்கள்.

இனி வெந்நீர் விஷயம். அறையைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் ஏமாறுவது இங்கேதான். ஹோட்டல் பலகையில் "ஸ்பா" என்று இருந்தால் ஊற்றுநீர் வரும் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான இடங்களில் அது சூடாக்கிய குழாய்த் தண்ணீர். மெய்யான ஊற்றுநீர் தன் கட்டடத்துக்குள்ளேயே கிடைக்கிற ஹோட்டல் கெயின்ஸ்பரோ, விலையும் அதற்கேற்றபடி. ரோமானியக் குளத்தில் இறங்கக் கூடாது. பதப்படுத்தாத அந்தத் தண்ணீரில் இருந்த அமீபாவால் ஒரு சிறுமி 1978-இல் இறந்த பிறகு பொதுக் குளியலையே நிறுத்தினார்கள். 2006-இல் தெர்மே பாத் ஸ்பா திறந்த பிறகுதான் மக்கள் மீண்டும் ஊற்றுநீரில் இறங்கினார்கள்.

அதனால் எங்கே தங்கினாலும் தெர்மேவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். என் அளவுகோல் இதுவாக ஆனது: தெர்மேவிலிருந்து ஈரத் தலையோடு, களைத்த உடம்போடு, மேடு ஏறாமல் அறைக்குத் திரும்ப முடியுமா? எங்கள் இல்லத்திலிருந்து அம்மாவின் நடையில் இருபத்தைந்து நிமிடம். நடுவில் உட்கார பெஞ்சுகள்.

தெர்மேவில் லிஃப்ட் இருக்கிறது. துண்டு, அங்கி, செருப்பு எல்லாம் கட்டணத்திலேயே சேர்த்தி. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, குடும்பமாக வருகிறவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். ஊற்றில் 46 டிகிரி சூட்டில் வெளிவரும் தண்ணீரைச் சுத்திகரித்து, குளிப்பதற்கு இதமாக 33 டிகிரி சுமாருக்கு ஆற்றி விடுகிறார்கள். முழங்கை, முழங்கால் மறைக்கும் நீச்சல் உடையில் அம்மா முதலில் கூச்சத்தோடுதான் வந்தார். மொட்டைமாடிக் குளத்தில் கழுத்துவரை இறங்கி, ஆவிக்கு நடுவே தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "காலை மடக்கிப் பார்த்தேன். மடங்குகிறது" என்றார். எங்களுக்குக் கொடுத்த இரண்டு மணி நேரம் முடியும்வரை அவர் கரையேறவில்லை.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மையப் பகுதியில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. விடுதியில் சொந்த நிறுத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் லான்ஸ்டவுன், நியூபிரிட்ஜ், ஆட் டவுன் ஆகிய மூன்று இடங்களில் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊருக்குள் போகும் வசதி உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை நான் கண் விழித்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் கம்பளிச் சால்வையோடு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"எங்கே அம்மா போனீர்கள்?"

"சும்மா ஒரு நடை. நேரே போனேன். இரண்டு பக்கமும் கடை, எல்லாம் பூட்டியிருந்தது. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். ஆறு பக்கத்தில்தான் என்றாயே, எங்கேயும் காணவில்லை."

பல்டெனி பாலத்தின் இருபுறமும் கடைகள் வரிசையாக இருப்பதால் நடக்கிறவர்களுக்கு அது பாலம் என்றே தெரியாது. அம்மா ஆற்றைத் தனியாகக் கடந்து, தனியாகவே திரும்பியிருக்கிறார். சொன்னபோது நம்பவில்லை. சிற்றுண்டி முடிந்ததும் ஆற்றோரத் தெருவான கிராண்ட் பரேடுக்குக் கூட்டிப்போய், அணையில் வழியும் தண்ணீருக்கு மேலே நிற்கும் பாலத்தைக் காட்டினேன். ரயிலுக்கு நேரமாகும்வரை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.