உச்சவிலையா, அரசுக் கொள்முதலா? மருந்து விலையை எது அடக்குகிறது?

மருந்து விலையை அடக்க நம் நாட்டில் அரசு இரண்டு விதமாக முயல்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை அறிவிப்பது ஒன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் செய்வதுபோல, அரசே மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுப்பது இன்னொன்று.

முதலில் உச்சவிலை. மத்திய அரசின் 1995 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, 74 மூலமருந்துகளுக்கும் அவற்றிலிருந்து செய்யப்படும் மருந்துகளுக்கும் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு விலை வைத்தார்கள். 2013 ஆணை அதை மாற்றியது. இப்போது, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும், சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். மூன்று பிராண்டுகள் 10, 40, 40 ரூபாய் என்றால் சராசரி 30, உச்சவிலை 34 ரூபாய் 80 காசு. அதாவது, கம்பெனிகள் வைத்த விலையே அரசுக்கு அளவுகோல். உண்மையில் செய்ய எவ்வளவு ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத மருந்துக்கோ ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. தொடக்க விலை கம்பெனியின் இஷ்டம்.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். அதுவரை லட்சத்தைத் தாண்டி வசூலித்த தனியார் ஆஸ்பத்திரிகள் இறங்கி வர வேண்டியிருந்தது. நோயாளி பேரம் பேசவே முடியாத இடத்தில் வரம்பு வேலை செய்கிறது.

சரி, கொள்முதல்? மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. டெண்டரில் முதலில் கம்பெனியின் தகுதியைப் பார்க்கிறார்கள், விலையுறையைப் பிரிப்பது அப்புறம்தான். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கினாலும், ஆய்வகச் சோதனையில் தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதேபோன்ற கழகங்களை அமைத்தன.

இங்கே விலையை இறக்குவது ஆணை அல்ல, ஆர்டரின் அளவு. மாநிலம் முழுவதற்குமான ஆர்டரை இழக்க எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. கம்பெனி சப்ளையில் சொதப்பினால் மட்டும் 'வெளியே வாங்கிக்கோங்க' என்ற பதில் கிடைக்கும். அந்தக் குறை உண்மையானது.

காப்பீடு மூன்றாவது வழி ஆகாதா? முதல்வர் காப்பீட்டுத் திட்டம் முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அதில் பணம் வராது.

என் ஓட்டு கொள்முதலுக்கே. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் வந்த பிறகு, ஜி.எச். வரிசையில் நிற்க முடியாதவர்களையும் அது எட்டுகிறது. தனியார் டாக்டர் பிராண்ட் பெயரில் எழுதித் தந்த சீட்டோடு கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் இன்னும் டெல்லியின் சராசரிக் கணக்கை விட்டால் வேறு காப்பு இல்லை.