சீமெந்துக் கானா, உறிஞ்சுகுழியா?

கூரையிலிருந்து விழும் மழைநீருக்குக் கான் (நீர் ஓடும் வடிகால்) கட்டுவதா, நீரை மண்ணுக்குள் இறங்கவிடும் கல் நிரப்பிய குழி வெட்டுவதா என்று பண்டாரவளை, ஹட்டன் பக்கத்து உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

செலவு: கானுக்குச் சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் வேண்டும், குழி மலிவு.

பராமரிப்பு: கானில் அடைத்த இலைகுழையைக் கூட்டி அள்ளலாம்; குழியில் வண்டல் நிறைந்தால் கற்கள் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு: இதுவே முதன்மையானது. சரிவில் வெட்டிய குழியின் நீர் மண்ணுக்குள் இறங்கி, துகள்களுக்கிடையே அழுத்தத்தைக் கூட்டி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகளைப் புதைத்த மண்சரிவும் கடும் மழைக்குப் பின்பே நிகழ்ந்தது. கான் நீரை மேலாகவே கொண்டு செல்லும். ஆயினும் வெடித்த கானிலிருந்தும் நீர் மண்ணுக்குள் இறங்கும், அதை நம்ப முடியாது. எங்கள் வீட்டுக் கானில் விரல் நுழையுமளவு வெடிப்பு இருந்தது. அதற்கு நேர்கீழே, மண்ணைத் தாங்கும் அணைச்சுவரின் கற்கள் பாசி படர்ந்து வெளியே தள்ளி நின்றதைக் கண்ட அன்றே அந்த வெடிப்பைப் பூசினோம்.

ஆகவே சரிவிலும் அணைச்சுவரின் மேலும் வீடு உள்ளவர்கள், செலவானாலும், அயலவர் வளவுக்குள் விடாமல் ஓடைவரை நீளும் கானையே கட்ட வேண்டும். சமதரையில், அத்திவாரத்திலிருந்து நன்கு தள்ளி வெட்டிய குழி போதும்.