நிறுத்தி வைத்த பழைய காரின் பேட்டரி: ஐந்து வழிகளில் எது தேறும்?

அம்பாசடரோ, பத்மினியோ, மோரிஸ் மைனரோ, உறை போட்டு மூன்று மாதம் ஷெட்டில் நின்ற பழைய காரில் முதலில் கைவிரிப்பது பேட்டரிதான். அதைத் தடுக்க ஐந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வது, பேட்டரியை பாடியோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றி விடுவது, பேட்டரியை வெளியே எடுத்து மாதாமாதம் சார்ஜ் ஏற்றுவது, சார்ஜரை நிரந்தரமாக மாட்டி வைப்பது, சோலார் பேனல். ஐந்தையும் ஒரே கேள்வியால்தான் எடை போட வேண்டும். இந்த வழியில் போனால் பேட்டரி முழு சார்ஜுக்குக் கீழே எத்தனை நாள் கிடக்கும்?

காரணம் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளில் இருக்கிறது. சார்ஜ் இறங்கும்போது இரண்டு வகைத் தட்டுகளிலும் ஈய சல்பேட் படியும். புதிதாகப் படிந்தது பொடிப்பொடியாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெருத்து இறுகும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அவை முழுதாக மசியாது. அந்த அளவு கொள்ளளவு போனது போனதுதான்.

12 வோல்ட் பேட்டரியை ஓர் இரவு ஓய்வில் விட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், 12.6 முதல் 12.7 வரை காட்டினால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஹைட்ரோமீட்டரில் அளக்கும் அமில அடர்த்தி (தண்ணீர் 1 என்றால்) முழு சார்ஜில் 1.265, பாதியில் 1.190. வெப்பப் பகுதிகளுக்கென்று 1.240 அடர்த்தி அமிலம் ஊற்றிய பேட்டரிகளும் உண்டு. அவை முழுதாக நிரம்பினாலும் 12.5 அளவில்தான் நிற்கும். ஆகவே உங்கள் பேட்டரி நிறைந்திருக்கும்போது என்ன காட்டுகிறது என்று ஒருமுறை அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். அதிலிருந்து கால் வோல்ட் இறங்கினால் சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வது

ஐந்தில் பலரும் செய்வது இதுதான். ஐந்தில் மோசமானதும் இதுதான். இன்ஜின் சுற்றும்போது பேட்டரிக்கு சார்ஜ் தருவது ஆல்டர்னேட்டர், இன்னும் பழைய கார்களில் டைனமோ. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் ஓரளவாவது பலன் உண்டு. டைனமோ வைத்த காரில் நஷ்டம் மட்டுமே. ஐடிலிங்கில் டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜை எட்டாது. டைனமோவைப் பேட்டரியோடு இணைக்க ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் தானியங்கி சுவிட்ச், அதாவது கட்-அவுட், திறந்தே கிடக்கும். டேஷ்போர்டில் சிவப்பு இக்னிஷன் விளக்கு அணையாமல் மினுங்கினால், சார்ஜ் ஏறவில்லை என்று காரே சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 180 ஆம்பியர் அளவில் இழுக்கும். ஒரு வாரம் நின்ற காரில் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். மெக்கானிக்கல் பம்ப் அதை மறுபடி நிரப்பும் வரை விட்டுவிட்டு மொத்தம் 30 வினாடி செல்ஃப் அடித்தால் 1.5 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர்) காலி. ஓடும்போது இக்னிஷன் காயில் சராசரியாக 2 ஆம்பியர் குடிக்கும், கால் மணி நேரத்துக்கு இன்னொரு அரை. வாரம் 2 என்றால் மாதம் 8. 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு, பராமரிப்பு என்ற பெயரில் போய்விடுகிறது.

இன்ஜினுக்கும் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். இன்ஜின் முழுச்சூடு ஏறாமல் நிறுத்தினால் அந்த ஈரம் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் அடியில் தேங்கும் சம்ப் ஆயிலிலும் தங்கும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயில் மூடிக்குள் மோர் நிறத்தில் பசை படியும். ஸ்டார்ட் செய்வதானால் சாலைக்கு எடுத்துப் போங்கள், 50 கிலோமீட்டர் வேகத்தில் 40 நிமிடம் ஓட்டுங்கள். பிரேக்குக்கும் டயருக்கும் அது நல்லது. ஆனால் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் நிரம்பப் பல மணி நேரம் வேண்டும், அதை ஓட்டம் தராது.

எர்த் வயரைக் கழற்றுவது, அல்லது கட்-ஆஃப் சுவிட்ச்

செலவே இல்லாத வழி. ஒரு மாதம் வரை இதுவே போதும். கழற்றும் முன் கார் எவ்வளவு கசியவிடுகிறது என்று பார்த்துவிடுங்கள். எர்த் கேபிளைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவே முதலில் ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு. கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டு பேட்டரி டைனமோ வழியாக வடிகிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் ஃபியூஸ் போய்விடும். பல்ப் எரியாவிட்டால் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் அதே இடத்தில் வையுங்கள். ஒயரிங்கில் பிற்பாடு எதுவும் சேர்க்காத காரில் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். பின்னால் மாட்டிய ஸ்டீரியோ, அலாரம், ஜிபிஎஸ் இருந்தால் 20 மில்லிஆம்பியர் சாதாரணம். சின்ன எண்ணாகத் தெரியும். 30 நாளில் அது 14.4 ஆம்பியர்-அவர்.

கழற்றினாலும் பேட்டரி தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கும். ஆன்டிமனி கலந்த தட்டுகள் கொண்ட, தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி 27 டிகிரியில் மாதம் 5 முதல் 10 சதவீதம் இழக்கும், பழசானால் இன்னும் கூடுதல். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். தகரக் கூரை ஷெட்டில் சித்திரை வெயிலுக்கு 37 டிகிரி சர்வசாதாரணம். அங்கே இரண்டு மாதத்திலேயே முக்கால் அளவுக்குக் கீழே போய்விடும். கால்சியம் தட்டு பேட்டரி இதைவிட நிதானமாக இறங்கும், ஆனாலும் ஆறு மாதம் தனியே விடக்கூடாது.

பித்தளை கட்-ஆஃப் சுவிட்ச் போடுவதானால் எர்த் பக்கம் போடுங்கள். செல்ஃப் அடித்த உடனே தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் தொடர்பு சரியில்லை என்று பொருள்.

வெளியே எடுத்து மாதாமாதம் சார்ஜ் ஏற்றுவது

ஷெட்டில் பிளக் பாயின்ட் இல்லாதவர்களுக்கு இதுவே சரியான வழி. சோம்பல் படாமல் செய்தால் மெயின்டைனருக்கு (நிரந்தரமாக மாட்டி வைக்கும் தானியங்கி சார்ஜருக்கு) இணையான பலன் கிடைக்கும், ஏனென்றால் தண்ணீர் அளவையும் ஆறு அறைகளின் அடர்த்தியையும் மாதாமாதம் பார்த்துவிடுவீர்கள். ஐந்து அறைகள் 1.260 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்த அறை போய்க்கொண்டிருக்கிறது. இதை எந்த டிஜிட்டல் சார்ஜரும் முன்கூட்டிச் சொல்லாது.

சார்ஜ் விகிதம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 45 ஆம்பியர்-அவருக்கு 4.5 ஆம்பியர், குறைத்தால் இன்னும் நல்லது. தட்டு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி சார்ஜ் ஏற்றுங்கள், மீதியை ஏற்றி முடித்த பிறகு நிரப்புங்கள். முன்பே வழிய நிரப்பினால் சார்ஜில் நீர்மட்டம் ஏறி, அமிலம் மூடி வழியாகப் பொங்கி ட்ரேயை அரிக்கும். அமிலம் ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. பலகை மேல் வைப்பதில் தவறில்லை, சிந்தும் அமிலத்திலிருந்து தரை தப்பும்.

சாதா சார்ஜரா, மெயின்டைனரா

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், விலை வித்தியாசம் பெரிது. செய்யும் வேலை முற்றிலும் வேறு.

சாதா சார்ஜர் என்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் நான்கு டயோடும். அதற்கு நிறுத்தத் தெரியாது. மேலும், வீட்டு மின்சாரம் ஏறினால் அதன் வெளியீடும் கூடவே ஏறும். 230 வோல்ட்டில் 13.8 தரும் சார்ஜர், ராத்திரி லைன் வோல்டேஜ் 250 ஆகும்போது 15 தரும். நிறைந்த பேட்டரிக்கு 15 வோல்ட் என்றால் கொதிதான். தண்ணீர் வற்றும், பாசிட்டிவ் தட்டின் சட்டம் அரித்துப்போகும், மூடிய ஷெட்டில் ஹைட்ரஜன் சேரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஆள் பக்கத்தில் இருந்து, பத்து மணி நேரத்தில் கழற்றும் வேலைக்குத்தான் இந்தச் சார்ஜர். மாட்டிவிட்டு ஊருக்குப் போவதற்கு அல்ல.

மெயின்டைனர் 14.4 வரை ஏற்றி, பேட்டரி உள்ளே வாங்கும் கரன்ட் குறைந்ததைக் கண்டுகொண்டு, 13.6 அளவுக்கு இறங்கி அங்கேயே தாங்கும். சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 என்ற மாடல் அதற்கு மேலும் ஒரு படி போய், வோல்டேஜ் இறங்குவதைக் கவனித்து அவ்வப்போது மட்டும் சிறிது ஏற்றும். அது 12 வோல்ட்டுக்கு மட்டும். 6 வோல்ட் காருக்கு நோகோ ஜீனியஸ் 1 போல 6, 12 என்ற இரண்டு வோல்டேஜுக்கும் பொருந்துவதை வாங்க வேண்டும். ஷெவர்லே 1955-லும் ஃபோர்டு 1956-லும்தான் 12 வோல்ட்டுக்கு மாறின, அதற்கு முந்தைய அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பராமரிப்புக்கு ஒரு ஆம்பியரே தாராளம். இறங்கிப்போன பேட்டரியையும் ஏற்ற வேண்டுமானால்தான் 4, 5 ஆம்பியர் தேவை.

மெயின்டைனரிலும் இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது வெப்பம். 13.6 என்பது 25 டிகிரிக்கான அளவு. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 20 மில்லிவோல்ட் குறைய வேண்டும். 40 டிகிரி ஷெட்டில் 13.3 போதும். வெப்ப ஈடு இல்லாத சார்ஜர் 13.6-லேயே பிடித்துக்கொண்டிருக்கும், தண்ணீர் மெதுவாக வற்றும். எனவே மெயின்டைனர் இருந்தாலும் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது மின்வெட்டு. சில சார்ஜர்கள் கரன்ட் திரும்பியதும் தானாகத் தொடரும். சில காத்திருப்பு நிலையில் நின்றுவிடும், அந்த விளக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். வாங்கிய அன்றே சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதியுங்கள்.

ரிப்பேர் மோடு என்று 15.8 வோல்ட் வரை போகும் வசதி இருந்தால், கேபிள்களைக் கழற்றாமல் அதைத் தொடாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனும் ரேடியோவும் தாங்காது.

நிரந்தர இணைப்புக்கு முதலைவாய் கிளிப் வேண்டாம். வளையமுள்ள லக்கை டெர்மினல் போல்ட்டில் மாட்டி, பேட்டரிக்கு அருகிலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எலி வயரைக் கடித்துச் செம்பு வெளியே வந்தால் அந்த ஃபியூஸ்தான் காரைக் காப்பாற்றும்.

சோலார் பேனல்

கார் வெயிலில் நின்றால்தான் இதற்கு அர்த்தம். பழைய காரை வெயிலில் விடும் ஆள் குறைவு. பேனலை ஷெட் கூரை மேல் வைத்து வயரை உள்ளே இழுத்தால் நன்றாக வேலை செய்யும். 5 வாட் பேனல் உச்சி வெயிலில் 0.28 ஆம்பியர் தரும், ஒரு நாளில் ஏறக்குறைய 1.4 ஆம்பியர்-அவர். சுய இழப்பை ஈடுகட்ட இது போதும், இறங்கிப்போன பேட்டரியை மீட்கப் போதாது. 10 வாட்டுக்கு மேல் போனால் கன்ட்ரோலர் கட்டாயம். இல்லாவிட்டால் வெயில் நாளில் 14.4-ஐத் தாண்டிவிடும். கன்ட்ரோலர் இல்லாத சிறிய பேனலில், இரவில் பேட்டரி பேனலுக்குள் வடியாதபடி டயோடு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டில் படுத்திருக்கும் பேனலை நம்பாதீர்கள்.

ஷெட்டில் பிளக் இருந்தால் மெயின்டைனர், இல்லாவிட்டால் வெளியே எடுத்து மாதாந்தர சார்ஜ். சோலார் மூன்றாவது, ஒரு மாதத்துக்குள் திரும்ப எடுப்பதானால் எர்த் வயரைக் கழற்றுவதே போதும்.

பாசிட்டிவ் எர்த் காரில் ஓர் எச்சரிக்கை

மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ். "சிவப்பை வயர் போகும் முனைக்கு, கறுப்பை பாடிக்கு" என்று கைப்பழக்கத்தில் மாட்டினால் தலைகீழ் இணைப்பு. மெயின்டைனர் எச்சரிக்கை விளக்கோடு நின்றுகொள்ளும், சாதா சார்ஜரில் டயோடு போகும். கேபிளின் நிறத்தைப் பார்க்காதீர்கள், பேட்டரி முனையைப் பாருங்கள்: தடித்த முனை பாசிட்டிவ், மெலிந்தது நெகட்டிவ். சார்ஜரின் சிவப்பு எப்போதும் தடித்த முனைக்கு. கழற்றும்போது முதலில் எர்த் முனை, இந்தக் காரில் அது பாசிட்டிவ். அப்போதுதான் இன்னொரு முனையில் ஸ்பேனர் வழுக்கிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது.

காரை வெளியே எடுக்கும் நாளுக்கு முந்தைய மாலையே மெயின்டைனரைக் கழற்றி வையுங்கள், முதலில் சுவர் சுவிட்ச், பிறகு பேட்டரி இணைப்பு. காலையில் ஓய்வு வோல்டேஜைப் பாருங்கள். டேப்பில் எழுதி வைத்த எண்ணுக்கு அருகில் இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் காயில் வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, மீட்டரை மாட்டியபடியே ஐந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி தேறியது. ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, செல்ஃபில் 9-க்குக் கீழே விழுந்தால் முதலில் டெர்மினல்களைக் கழற்றி ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, இறுக்கி, வாசலைன் தடவி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால், சல்பேட் தின்றது போக மீதி இருக்கும் தட்டுதான் அந்த 12.6-ஐக் காட்டுகிறது.