கம்பளிக் கிண்ணம் செய்யும் வகுப்பு: தாராளமாகப் போகலாம், ஒரே ஒரு குறை

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஒருநாள் வகுப்பு. ஊசி, நூல், தறி எதுவும் கிடையாது, செம்மறிக் கம்பளியையும் சோப்புத் தண்ணீரையும் வைத்துக் கையாலேயே கிண்ணம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். கட்டணம் 2,200 ரூபாய், கம்பளியும் அதிலேயே அடக்கம். காசுக்கு மேலேயே கற்றுக்கொண்டேன்.

இதற்கு முன்னால் ஆன்லைனில் வாங்கிய கிட் ஒன்றை வீட்டில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தும் இழைகள் ஒன்றோடொன்று பிடிக்கவே இல்லை. மிச்சமிருந்ததை எடுத்துப்போய்க் காட்டினேன். சொல்லித்தரும் அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு நுனியைத் தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாகிவிட்டது. அக்ரிலிக், அதாவது செயற்கை இழை! உண்மையான கம்பளி என்றால் முடி பொசுங்கும் வாசனை வரும், கரிந்ததை விரலால் நசுக்கினால் பொடியாகும். நல்ல கம்பளியிலும் ‘சூப்பர்வாஷ்’ என்று போட்டிருந்தால் இந்த வேலைக்கு வாங்காதீர்கள், மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது அது. நமக்கு வேண்டியதோ அந்தச் சுருக்கம்தான்.

கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டுத் தேய்க்கத் தேய்க்க இழைகள் நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும், செதில் தடுப்பதால் பழைய இடத்துக்குத் திரும்பாது. வகுப்பு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். 15 சென்டிமீட்டர் கிண்ணம் வேண்டுமென்றால் பபிள் ராப்பில் (குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள்) 22 சென்டிமீட்டர் வட்டம் வெட்டச் சொல்கிறார், மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்று கணக்கு. அதன் மேல் கம்பளியை மெல்லிசாகப் பிய்த்து ஒரு அடுக்கு குறுக்கே, அடுத்த அடுக்கு நெடுக்கே. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் அதேபோல. மேலே கொசுவலைத் துணி, சோப்பு கலந்த வெந்நீர், அப்புறம் உள்ளங்கை. ஆரம்பத்தில் அழுத்தவே கூடாது, தடவத்தான் வேண்டும், அழுத்தினால் அடுக்கு விலகி ஓட்டை விழும். எப்போது போதும்? மேலாகக் கிள்ளித் தூக்கிப் பார்க்க வேண்டும். இழை தனியாகப் பிரிந்து வந்தால் இன்னும் தேய்க்கணும், மொத்தமும் துணி மாதிரி சேர்ந்து எழும்பினால் சரி. இதை எந்த வீடியோவிலும் பிடிக்க முடியாது, அக்கா என் விரலைப் பிடித்துக் கிள்ளவைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கம்பளி விஷயத்திலும் அவரைப் பாராட்ட வேண்டும். மேலடுக்குக்குச் சாயமேற்றிய மெரினோ என்ற மென்மையான செம்மறிக் கம்பளி, உள்ளடுக்குக்கு நீலகிரிச் செம்மறியின் கம்பளி. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் என்ற வெளிநாட்டு ஆட்டினங்கள் எல்லாம் கலந்து இந்த மலையிலேயே உருவான இனம் அது. ஊட்டிப் பக்கம் சாந்திநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் வளர்க்கிறார்கள். தொட்டால் மெரினோவைவிடக் கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் கிண்ணம் தொய்யாமல் நிற்பதற்கு அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். நம் ஊர்க் கம்பளி இருக்க, எல்லோரும் இறக்குமதியையே தேடுவது எனக்கு வருத்தம்தான்.

குறை என்னவென்றால், நேரம் போதாததுதான். சேர்ந்துவிட்ட கம்பளியை நடுவில் வெட்டி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை உருவி, வெட்டிய ஓரத்தைச் சோப்புக் கையால் தேய்த்து, பிறகு மேசையில் ஓங்கி ஓங்கி அடித்து இறுக்க வேண்டும். கிண்ணத்துக்குப் பலமே அந்த அடியில்தான் வருகிறது. காலையில் அறிமுகப் பேச்சு நீண்டு, மதியச் சாப்பாடும் தாமதமானதால், அடிக்கும் வேலை கடைசி அரைமணியில் வந்து மாட்டிக்கொண்டது. அத்தனை பேருக்கும் ஒரே கெட்டில் என்பதால் வெந்நீருக்கும் வரிசை. என் பக்கத்தில் இருந்தவர் தொளதொளவென்றுதான் எடுத்துப்போனார். நான் வீட்டுக்கு வந்து வெந்நீரில் நனைத்து மறுபடி அடித்தேன், வினிகர் கலந்த தண்ணீரில் அலசிச் சோப்பைப் போக்கினேன், எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டுக் காயவைத்தேன். இப்போது சாவியும் சில்லறையும் போட்டாலும் வாய் வளையாமல் நிற்கிறது.

பதிவு செய்யும்போதே மாலையில் அரைமணி கூடுதலாக இருக்க முடியுமா என்று கேளுங்கள், கேட்டால் மறுக்கிற ஆள் இல்லை அக்கா. சோப்பு ஒத்துக்கொள்ளாத கை என்றால் கையுறை எடுத்துப்போங்கள், அங்கே கிடைக்காது.