சீன அரண்மனைக் கண்ணாடிப் பொருள் வாங்குவோர் கவனத்துக்கு

ஹாங்காங் ஹாலிவுட் ரோட்டில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், சீனப் பேரரசர் சியென்லோங் காலத்து அரண்மனைக் கண்ணாடி என்று சொல்லி ஒரு மஞ்சள் கிண்ணத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். அது சமீபத்தில் செய்த போலி. இதே பொருளைத் தேடுகிறவர்கள் இன்னும் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கண்ணாடிக்கு மவுசு சும்மா வரவில்லை. காங்சி பேரரசர் 1696-இல் பெய்ஜிங்கில் அரண்மனைக்கென்றே ஒரு பட்டறை தொடங்கினார். கிலியன் ஸ்டம்ஃப் என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார் அதை அமைத்துக் கொடுத்தார். காங்சியின் பேரன் சியென்லோங் ஆண்ட காலத்தில் (1736–1795) வேலைப்பாடு உச்சத்துக்குப் போனது. வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்புக் கண்ணாடியைப் போர்த்தி, வேண்டாத சிவப்பைச் சுழலும் சக்கரத்தால் செதுக்கி எடுத்துப் பூவும் பறவையும் ஆக்கினார்கள். மஞ்சளோ பேரரசருக்கு உரிய நிறம். அந்த அடர்ந்த மஞ்சளை நேரில் பார்த்தவர்களுக்கு ஆசை விடாது. அதைத்தான் காசாக்குகிறார்கள்.

கடைக்காரர் பெரிதாகக் காட்டியது ஒரு லேப் சான்றிதழ். வெப்ப ஒளிர்வுச் சோதனையில், அதாவது பொருளைச் சூடாக்கி வெளிவரும் ஒளியை அளந்து வயதைக் கணிக்கும் சோதனையில், பழமை உறுதியானதாக அதில் இருந்தது. அந்தச் சோதனை சூளையில் சுட்ட மண், பீங்கான் பொருள்களுக்கானது. கண்ணாடியின் வயதுக்கு அதை நம்ப முடியாது. இது தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

அப்புறம், சீனக் கண்ணாடியில் அனுபவமுள்ள ஏலக்கூட நிபுணர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அடியில் பேரரசர் பெயரைச் சொல்லும் நான்கெழுத்து முத்திரை அமிலத்தால் அரித்தது. கோடுகளின் ஆழம் எங்கும் ஒன்றுபோல, ஓரமெல்லாம் மழுங்கல். சக்கரத்தால் வெட்டியிருந்தால் கோட்டுக்குள் நுண்ணிய கீறல்கள் தெரியும் என்றார். அடிப்பக்கத் தேய்மானமும் ஒரே திசையில், உப்புத்தாள் போட்டது. முத்திரை ஒழுங்காக இருந்தாலும்கூட அது போதாதாம். 19-ஆம் நூற்றாண்டில் செய்தவற்றிலும் சியென்லோங் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பில்லைப் பாருங்கள்" என்கிறார்கள். அதில் 'மஞ்சள் கண்ணாடிக் கிண்ணம்' என்று மட்டும் இருக்கிறது. கடையில் வாய் ஓயாமல் சொன்ன காலமும் அரண்மனையும் எங்கேயும் இல்லை. பொய்யான வணிக விவரங்களைத் தடுக்கும் சட்டம் அங்கே சுங்கத் துறையின் கையில் இருக்கிறது. அவர்களிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள், எந்தப் பேரரசர் காலத்தில் செய்தது என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.