தைல வண்ண நிலக்காட்சி: நேரில் நின்றா, போட்டோ பார்த்தா, குறிப்பை வைத்தா?

ஒரு குன்றோ ஏரியோ கண்ணில் பட்டு, அதைத் தைல வண்ணத்தில் வரைய வேண்டும் என்று தோன்றிவிட்டால், அடுத்த கேள்வி எங்கே வைத்து வரைவது என்பதுதான். அந்த இடத்திலேயே வரைந்து முடிக்கலாம். போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரையலாம். இல்லையென்றால், அங்கே சிறிய வண்ணக் குறிப்பு ஒன்றை, அதாவது வேகமாகத் தீட்டிய சின்னப் படத்தை, மட்டும் செய்துகொண்டு, பெரிய கான்வாஸை வீட்டில் தொடங்கலாம். மூன்றும் சமம், அவரவர் வசதி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைல வண்ணத்தின் குணத்துக்கு மூன்றாவது வழிதான் பொருந்துகிறது. ஆனால் முதல் வழியைக் கொஞ்ச காலமாவது பழகாதவருக்கு அது கைகொடுக்காது.

நேரில் வரைவது பரவலானதில் வண்ணம் அடைத்த தகர டியூபுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் மறுபடி சரியாக மூட முடியாது. அந்தக் காலத்திலும் வெளியில் போய் வரைந்தவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் வலன்சியேன் 1800-ல் வெளியிட்ட நூலில், வெளியில் பார்த்துப் பழகுவதற்காகச் செய்யும் படிப்புப் படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, உதயமோ அஸ்தமனமோ என்றால் அரை மணி நேரம்தான் என்று எழுதினார். அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. அதற்கு மேல் போனால் நிழல் இடம் மாறிவிடும். காலை நிழலும் பிற்பகல் நிழலும் ஒரே படத்தில் இருந்தால், எது தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ இடிக்கும்.

இரண்டு மணி நேரத்தில் தைல வண்ணம் காயாது என்பதுதான் அடுத்த சிக்கல். தண்ணீர் ஆவியாவதுபோல் எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. அம்பர் (umber) என்னும் பழுப்பு மண் நிறம் மெல்லிய பூச்சில் ஓரிரு நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும், அதிலுள்ள மாங்கனீஸ் அதை வேகப்படுத்துகிறது. டைட்டேனியம் வெள்ளையைத் தடிமனாகப் போட்டால் ஒரு வாரம் தாண்டியும் ஈரமாக இருக்கலாம். ஆக, வெளியில் செய்வதெல்லாம் ஈரத்தின் மேல் ஈரம். கருமையான பகுதிகளை முதலில் மெல்லிசாகப் போட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் தடிமனாக, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு முறை தடவினால் அடியிலிருக்கும் நிறம் கிளம்பி எல்லாம் சேறாகும். அதனால் பலகை சிறிதாக இருப்பதே நல்லது. எட்டுக்குப் பத்து அங்குலம் போதும். பெரிய கான்வாஸை வெளியில் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் காற்றைப் பற்றித்தான் கவலை வரும். தூசியும் பூச்சியும் வேறு: அமெரிக்காவின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வான்கோவின் ஆலிவ் மரங்கள் படத்தில் ஒரு வெட்டுக்கிளியின் உடல்துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதை 2017-ல் கண்டுபிடித்தார்கள்.

யாரும் எளிதில் கவனிக்காத ஒன்று உண்டு. கான்வாஸின் மேல் நேரடி வெயில் விழுந்தால் நிறங்கள் உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். நாம் நம்மையறியாமல் கறுப்பாகக் கலந்துகொண்டே போவோம். வீட்டுச் சுவரில் மாட்டியதும் படம் இருண்டு கிடக்கும். கான்வாஸும் வண்ணம் கலக்கும் பேலட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். குடை பிடிப்பதானால் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் ஒன்று. சிவப்புக் குடைக்கு அடியில் கலந்த பச்சை வெளியே வந்ததும் வேறு பச்சை.

இவ்வளவு தொல்லை எதற்கு, போனில் ஒரு படம் எடுத்தால் ஆயிற்றே என்பவர்களுக்கு உண்மையான நியாயம் இருக்கிறது. வீட்டில் அவசரமே இல்லை. அடிப்பூச்சு காயக் காத்திருக்கலாம். மேலே வரும் அடுக்குகளில் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகும் பழைய விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கலாம். மேய்கிற மாடு, உடைகிற அலை, கலைகிற மேகம் இவற்றின் வடிவத்தைப் பிடிக்க கேமராவைவிட நல்ல உதவியாள் கிடையாது. நெடுநேரம் வெளியில் நிற்க உடம்பு ஒத்துழைக்காதவருக்கு வேறு பேச்சே இல்லை.

ஆனால் நிறத்துக்கு மட்டும் போட்டோவை நம்பக் கூடாது. கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு அளவிலும் மரநிழலைப் பார்க்கும்போது வேறு அளவிலும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவில் நிழல் தெரிய வைத்தால் வானம் வெளுக்கும், வானத்தைக் காப்பாற்றினால் நிழல் கரியாகும். இப்போதைய போன்கள் இதைச் சமாளிக்க நிழலைத் தூக்கி, பச்சையை ஏற்றி, எல்லாவற்றையும் மினுக்கிவிடுகின்றன. நேரில் நிழலுக்குள் தெரிந்த நீலமும் ஊதாவும் இரண்டு வகைப் போட்டோவிலும் இருக்காது. அப்புறம் தூரம். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. எந்தக் குன்றுக்காக நின்றோமோ அது போட்டோவில் சின்ன மேடாகச் சுருங்கி, கால்மாட்டிலிருக்கும் புல் பாதிப் படத்தைத் தின்றுவிடும். இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் இது ஓரளவு சரியாகும். இலை இலையாகக் கூர்மையாகத் தெரிவதால் இலை இலையாக வரையத் தோன்றுவதை மட்டும் எந்த லென்ஸும் தீர்த்துவைக்காது.

குறிப்பை வைத்து வரைவது இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம் என்று நினைத்தால் தவறு. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களைத் தைல வண்ணத்தில் குறித்துக்கொண்டே போனார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம் என்றெல்லாம் எழுதி வைத்தார். அதே 1821-ல் காட்சிக்கு வந்த அவருடைய புகழ்பெற்ற வைக்கோல் வண்டிப் படம், இங்கிலாந்தின் சஃபோக் பகுதி ஆற்றங்கரைக் காட்சி என்றாலும், குறிப்புகளை வைத்து லண்டனில் வரையப்பட்டது. வெளியில் வரைவதற்கே அடையாளமாகச் சொல்லப்படும் பிரெஞ்சு ஓவியர் மோனே என்ன செய்தார்? 1890-91-ல் வைக்கோல் போர் வரிசைக்காக ஒளி மாற மாறக் கான்வாஸை மாற்றி வயலில் வரைந்தார். அப்புறம் அவற்றை ஸ்டூடியோவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடித்தார்.

இந்த வழியின் பலம், குறிப்பில் இல்லாததை நாமே தீர்மானிக்க வேண்டியிருப்பது. குறிப்பில் தொலைமரம் ஒரு சாம்பல் பச்சைத் திட்டு, அவ்வளவுதான். பெரிய படத்தில் அதை எவ்வளவு விரிப்பது என்பது நம் முடிவு. அதே இடத்தில்தான் ஆபத்தும். பிரெஞ்சு ஓவியர் கோரோ 1826-ல் இத்தாலியின் நார்னி பாலத்தை நேரில் வரைந்த சிறிய படிப்புப் படம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்து அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்காக உருவாக்கிய பெரிய படம் கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பெரியதில் ஆடுமாடுகள், ஆட்கள், ஒழுங்கான மரங்கள் எல்லாம் வந்துவிட்டன. எனக்கு லூவ்ரில் இருப்பதுதான் பிடிக்கும்: நாலைந்து நிறத் திட்டுகளில் பாலமும் ஆறும் வெயிலும் நிற்கின்றன.

ஆக, பழக வேண்டியது சிறிய பலகையில் இரண்டு மணி நேரம். கூடவே அதே இடத்தில் நின்று இரண்டு மடங்கு ஜூமில் ஒரு போட்டோ. வீட்டில் பெரிய கான்வாஸைத் தொடங்கும்போது வடிவத்துக்குப் போட்டோவையும் நிறத்துக்குப் பலகையையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் பலகை சொல்வதைக் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அவை தாமாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியவை. மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிறிய பலகையைத் தொட வேண்டாம். ஓரத்துப் பச்சை உறுத்தும், வானத்தில் ஒரு கோடு கோணலாகத் தெரியும், பிரஷ் கையிலேயே இருக்கும். திருத்தினால், அந்த இடத்தில் அந்த ஒளியில் என்ன நிறம் இருந்தது என்று கேட்க வேறு எதுவும் மிஞ்சாது. மாற்ற வேண்டியதைப் பெரிய கான்வாஸில் மாற்றிக்கொள்ளலாம்.