சஸ்பென்ஷன் வேலைக்கு 1,650 வெள்ளி பில், போல்ட்டைத் தொடவே இல்லை: டூயல்-ஸ்போர்ட் மோட்டார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் டூயல்-ஸ்போர்ட் (தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓடுகிற) மோட்டார் வைத்துக்கொண்டு வார இறுதியில் மண் ரோடு, ஆற்றோரம் என்று போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. சஸ்பென்ஷன் வேலை அப்படி இல்லை. முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய்க்குள்ளும், பின் சக்கரப் பக்கத்தை ஷாக்கோடு இணைக்கிற லிங்க்கேஜுக்குள்ளும் என்ன செய்தார்கள் என்று வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டு காசு பார்க்கிற ஒரு பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். விவகாரம் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் பெயர் போடவில்லை. பெருநிலத்தில் இருக்கிற பட்டறை என்று மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது கவாசாகி கேஎல்எக்ஸ் 250. ஜெலுத்தோங்கில் வீட்டு போர்ச்சில் வைத்து எல்லா வேலையும் நானே செய்கிறேன். மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றுவது, ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் கழுவி எண்ணெய் போடுவது, செயின், வீல் பேரிங் எதற்கும் வெளியே போவதில்லை. பின்பக்க ஷாக் மட்டும் வீட்டில் முடியாது. அதன் கூடவே இருக்கிற சின்ன டப்பாவுக்குள் எண்ணெயை அழுத்திப் பிடிக்க நைட்ரஜன் அடைத்திருக்கும், சுமார் 10 பார் அழுத்தத்தில். அது கசிந்து குறைந்துவிட்டால் எண்ணெய் நுரைத்துவிடும். கொஞ்ச தூரம் குலுங்கியதும் டேம்பிங் (குலுக்கலை அடக்குகிற தன்மை) போய், பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். தெலுக் பஹாங்கில் இருந்து பாலிக் பூலாவ் போகிற மலை ரோட்டில் இறங்கும்போது என் மோட்டார் அப்படித்தான் செய்தது. நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், அதற்கான ஊசி என்று வாங்கினால் ஒரு மோட்டாருக்காக அது கட்டுப்படியாகாது. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

கொடுக்கும்போது வேறு சில வேலைகளையும் சேர்த்துச் சொன்னேன். என் எடைக்கும் பின்னால் கட்டுகிற சாமானுக்கும் கம்பெனி ஸ்பிரிங் ரொம்ப மென்மை. முன்னும் பின்னும் கனமான ஸ்பிரிங் போட வேண்டும், லிங்க்கேஜ் பேரிங் மாற்ற வேண்டும், செயின் புதுசு வேண்டும். வால்வும் பார்த்துவிடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். எல்லாம் சேர்த்து 1,650 வெள்ளி. பில்லில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரியாக இருந்தது. இந்த பில் பின்னால் ரொம்ப உதவியது.

மோட்டார் பளபளவென்று கழுவி வந்தது. லிங்க்கேஜின் ஓரமெல்லாம் பச்சை கிரீஸ் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு அடடா, வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சேக் அளந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஆக்சிலில் இருந்து மேலே சைட் கவரில் ஒரு குறி வரைக்கும் டேப்பில் அளக்க வேண்டும். அப்புறம் சக்கரத்தை இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு மேலே உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது அதே அளவை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். என் மாடலில் பின் சக்கரம் மேலும் கீழும் போகிற தூரம் சுமார் 230 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 75 இறங்கினால் சரி. பட்டறைக்குப் போகும் முன் எனக்கு 98 வந்தது. கனமான ஸ்பிரிங் போட்டதாகச் சொல்லி, பில்லும் வாங்கிக்கொண்டு வந்த பிறகும் அதே 98. என் மகன்தான் டேப் பிடித்தான். தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று திரும்ப அளந்தோம். மாறவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போல்ட்டை டார்க் ரெஞ்சில் (குறித்த அளவுக்கு இறுக்குகிற சாவி) இறுக்கினாலும், போல்ட் தலையில் தொடங்கி ஃபிரேம் வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். காட்டுக்குப் போய் வந்து சும்மா ஒரு சுற்றுப் பார்த்தாலே போதும். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஷாக்கின் மேல் போல்ட்டில் கோடு நேராக இருந்தது. பட்டறையில் தண்ணீர் அடித்துக் கழுவியும் அந்த இடுக்குக்கு எட்டவில்லை. செடிம் ஆற்றுப் பக்கம் போனபோது ஏறிய செம்மண் கோட்டின் மேலேயே காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். மண் பொடிந்து விழுந்தது, அடியில் மஞ்சள் கோடு ஒரு முடி அளவுகூட விலகாமல் இருந்தது. லிங்க்கேஜ் போல்ட்டுகளிலும் இதே கதைதான். ஷாக்கைக் கழற்றாமல் ஸ்பிரிங் மாற்ற முடியாது. பேரிங்கையும் போல்ட் உருவாமல் மாற்ற முடியாது.

போட்டோ எடுத்துக்கொண்டு போன் போட்டேன்.

"தம்பி, லிங்க்கேஜ் பேரிங் மாத்தினதா பில்லுல இருக்கு. பழசு எங்க?"

"அதெல்லாம் யாருண்ணே வச்சிருப்பா. தூக்கிப் போட்டாச்சு."

"ஷாக்கைக் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படிண்ணே நைட்ரஜன் அடிக்கிறது? எல்லாம் பக்காவா செஞ்சாச்சு. நம்பி ஓட்டுங்க."

"அப்படின்னா போல்ட்டுல நான் போட்ட கோடு எப்படி அப்படியே இருக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நாங்களே திரும்பப் போட்டிருப்போம் அண்ணே" என்றார். காய்ந்த மண்ணுக்கு அடியில் போய் எப்படிக் கோடு போட்டார்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரித்தேன். எஞ்சினுக்கு அடியில் பால் கிரேட்டைக் கொடுத்து, பின் சக்கரத்தை இறக்கி, லிங்க்கேஜை உருவினேன். புதுசு என்று காசு வாங்கிய பேரிங்குக்குள் இருந்த ஊசிகள் துருப்பிடித்துக் காப்பித்தூள் மாதிரி கொட்டின. பேரிங்குக்குள் சுற்ற வேண்டிய ஸ்லீவைக் கையால் சுற்றவே முடியவில்லை. சீல்களும் பழசுதான், ரப்பர் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அந்தப் பச்சை கிரீஸை வெளியில் இருந்து விரலால் தடவிவிட்டிருக்கிறார்கள். ஆற்றில் இறங்குகிற மோட்டாருக்கும், பிரஷர் வாட்டரில் அடிக்கடி கழுவுகிற மோட்டாருக்கும் முதலில் போகிற இடம் இந்த லிங்க்கேஜ்தான். தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்த் தங்கிவிடும். ஊசி துருப்பிடித்து இறுகினால் முதலில் பின்பக்கம் மரம் போல ஆகும். அதையும் விட்டால் போல்ட்டே ஸ்லீவோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃபோர்க்கைத் திறந்தேன். வந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் பழசாகவே இருந்தது, நாற்றம் வேறு. இரண்டு காலிலும் எண்ணெய் மட்டம் ஒன்றாக இல்லை. இடது பக்கம் கண்ணால் பார்த்தாலே தெரிகிற அளவுக்குக் குறைவு. ஆக, எண்ணெய்கூட மாற்றவில்லை.

வால்வு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில் நாலு வால்வு. இன்டேக் இடைவெளி 0.10 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.15 முதல் 0.24. உண்மையாகவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பார்த்திருந்தால் நாலு எண்கள் கையில் இருக்க வேண்டும். "பார்த்தாச்சு, நல்லா இருக்கு" என்பது பதில் இல்லை. எந்தப் பட்டறையாக இருந்தாலும் அந்த நாலு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஆளிடம் கேட்டபோது ஒரு எண்கூட வரவில்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது செயினைப் பார்த்துத்தான். ஓ-ரிங் செயினுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஓ-ரிங் செயின் என்றால் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் சின்ன ரப்பர் வளையங்கள் கண்ணுக்குத் தெரியும். என் மோட்டாரில் இருந்தது வெறும் செயின். அது போகட்டும், காசுதான். அதைப் பூட்டிய கிளிப்பைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் கல்லோ குச்சியோ பட்டுக் கழன்றுவிடும். சைக்கிள் கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. செயின் கழன்றால் முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் சுருண்டு எஞ்சின் கேஸை உடைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரத்தைப் பூட்டும். பினாங்கு பாலத்தில் மோட்டார்கள் வரிசையாகப் போகிற நேரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும், சிம்பாங் அம்பாட் பக்கம் இருக்கிற ஒரு தம்பி அதே பட்டறையில் போட்ட செயின் கழன்று, கேஸில் விரிசல் விட்ட படத்தை அனுப்பினார். மெதுவாகப் போனதால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிங் மாற்றாமல் காசு வாங்குவது திருட்டு. கிளிப்பைத் திருப்பிப் போட்டு ஓட்டச் சொல்வதை நான் அதைவிடப் பெரிய குற்றமாகப் பார்க்கிறேன்.

இன்னொன்று. இதே ஆள் எஞ்சினைப் பெரிதாக்குகிற 351 சிசி கிட் போட்டுத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்று பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிராண்டில் (மோட்டார் பதிவுப் பத்திரம்) 249 சிசி என்று இருக்கும்போது ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாமல் எஞ்சின் அளவை மாற்றுவது குற்றம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

இனி உங்கள் மோட்டாரை யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் போல்ட்டுகளில் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெயிண்ட் மார்க்கர் போதும். மறைவான இடத்தில் போடுங்கள், ஷாக்கின் மேல் போல்ட், லிங்க்கேஜ், ஃபோர்க் மூடி. சேக் அளவை எழுதி வையுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒழுங்காக வேலை செய்கிற ஃபோர்மன் (மெக்கானிக்) இதற்கெல்லாம் கோபப்படமாட்டார். ஆயர் ஈத்தாம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கேட்காமலே பழைய பேரிங்கை பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிவிடுவார்.

லிங்க்கேஜ் பேரிங்கை நானே வாங்கி மாற்றிவிட்டேன். பயப்படுகிற வேலை இல்லை. நீள போல்ட், நட்டு, சரியான அளவு சாக்கெட் இருந்தால் பழசை இழுத்து எடுத்து, புதுசை நேராக உள்ளே இழுத்துவிடலாம். சுத்தியலால் மட்டும் அடிக்காதீர்கள், கூடு நசுங்கிவிடும். தண்ணீருக்குத் தாங்குகிற கிரீஸை ஊசிகளுக்கு நடுவில் நிறைய அடைத்து, சீலும் புதுசாகவே போடுங்கள்.

காசு விஷயத்தில் முதலில் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கிற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்டேன். அந்த ரோட்டை நம் ஆட்கள் பலர் இன்னும் கிரீன் லேன் என்றுதான் சொல்வோம். பில், படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது அது. மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். சின்ன காசுதானே, அலைச்சல் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அப்படி விடுவார்கள் என்ற தைரியத்தில்தான் இவர் கடை நடத்துகிறார்.

மனுவின் நகல் கையில் கிடைத்ததும் அவரே கூப்பிட்டார். பாதிக் காசு தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதே பட்டறையில் வேலை கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், ஓட்டும் முன் முதலில் செயின் கிளிப்பைப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். விசாரணை முடிந்ததும் என்ன ஆனது என்று எழுதுகிறேன்.